நூல் கட்டிய கப்ளிங்

படகு: வஞ்சிரம்
இடம்: கிராக்கன் கடல், டைட்டன் (சனிக்கோளின் நிலவு)
எழுதுவது: குணவதி, படகு மெக்கானிக், இரண்டாம் நிலை

இதைக் கண்டெடுப்பவருக்கு: இது அலுவலகக் குறிப்பேடு அல்ல. அது தனியாக இருக்கிறது, அதில் எல்லாம் நலம் என்றுதான் இருக்கும். நடந்ததை நடந்தபடி எழுதுவது இதில்தான். நாளைக்கு விசாரணை என்று வந்தால் இதை முதலில் படியுங்கள்.

நாள் 1. 06:10

வடகரைத் துறையிலிருந்து கிளம்பியாயிற்று. கடல் அமைதி. வெப்பம் மைனஸ் 179. வானம் வழக்கமான மங்கல் ஆரஞ்சு. இங்கே இப்போது கோடைக்காலம், சூரியன் மறையாது. வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். தென்முனை நிலையத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். ஆறாம் நாள் பகல் பதினொன்றுக்குச் சேர வேண்டும்.

சரக்கு ஒன்றே ஒன்று, நிலையத்துக்குச் சூடு தரும் புது வெப்பப் பெட்டி. தென்முனையில் இருக்கும் பழைய பெட்டி செத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் பத்து நாள் தாங்கும் என்கிறார்கள். அங்கே இருப்பது ஒரே ஆள், ஃபிட்டர் இசக்கிமுத்து. நிலையத்தைத் தயார் செய்ய ஒற்றை ஆள் பறக்கும் ஊர்தியில் முன்கூட்டியே போனார். இறங்கியதோடு ஊர்தியின் பேட்டரி தீர்ந்தது. அது போல இன்னொன்று நம்மிடம் இல்லை. ஆகவே பெட்டி போய்ச் சேர்ந்தால் அவர் பிழைப்பார். சேராவிட்டால் இல்லை.

இந்தப் படகுக்குப் புது புரொப்பெல்லர் மாட்டி ஷாப்ட்டை நேர்பிடித்தவரும் அவர்தான். கிளம்பும் முன் நான் கப்ளிங்கைப் பார்த்தேன். எஞ்சினையும் ஷாப்ட்டையும் முகத்தோடு முகம் சேர்க்கிற இரண்டு வட்டத் தகடுகள் அவை. எட்டு போல்ட்டும் கையால் சுற்றிவிட்ட அளவில்தான் இருந்தன. ஒவ்வொரு தலையிலும் ஒரு சிவப்பு நூல். புது எந்திரத்துக்கு நூல் கட்டிப் பூசை போடுவது நம் ஊர் வழக்கம்தான். எலுமிச்சம்பழம் கிடைத்திருந்தால் சனிக்கோள் வரைக்கும் அதையும் தூக்கி வந்திருப்பார் மனிதர். சாமிக்கு நூல் கட்ட நேரம் இருந்தது, போல்ட்டை இறுக்க நேரம் இல்லை.

நூலை அறுத்துப் போட்டேன். எட்டையும் முறைப்படி இறுக்கினேன். காசிமேட்டில் நான் தொழில் கற்ற பட்டறையில் போல்ட் தளர்ந்த படகைத் தண்ணீரில் இறக்கினால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். இறுக்குவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தேவைப்படும்.

நாள் 2. 08:15

செய்தி கொண்டுவரும் செயற்கைக்கோள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலைக்கு மேல் வரும். காலை எட்டு, மாலை எட்டு. நேருக்கு நேர் பேச முடியாது, பதிவு செய்து அனுப்பலாம். இன்று தென்முனையிலிருந்து முதல் பதிவு.

"குணாக்கா, இசக்கி பேசுதேன். சௌக்கியமா வாரியளா? படகு மிதந்து ஒரு நாள் ஆச்சுல்லா, கப்ளிங்கைப் பாத்துட்டியளா? பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஏன் கேட்கிறார்? தான் இறுக்காமல் விட்டது உறுத்துகிறது. நான் கவனித்தேனா என்று நூல் விட்டுப் பார்க்கிறார். "பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருக்கிறது" என்று மட்டும் பதில் அனுப்பினேன். அதற்கு மேல் ஒரு சொல் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும் ஆள்.

நாள் 2. 17:50

சத்தம். பின்பக்கம் தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டு ஆட்டினால் வருமே, அது. முதலில் மெதுவாக இருந்தது, மதியத்துக்கு மேல் தெளிவாகவே கேட்கிறது.

படகின் அடியில் உள்ள கேமராவில் பார்த்தேன். ஷாப்ட் வெளியே வருகிற இடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பி நேராகப் புரொப்பெல்லருக்குள் போகிறது. இந்தக் கடல் திரவ மீத்தேன். நைட்ரஜன் அதில் கரைந்து கிடக்கிறது. கொஞ்சம் சூடு பட்டாலும் போதும், சோடாவைத் திறந்த மாதிரி பொங்கும். எங்கோ ஷாப்ட் உரசிச் சூடாகிறது. அந்தக் குமிழிகள் இறக்கை மேல் உடையும்போது ஒவ்வொன்றும் ஒரு சின்ன சுத்தியல் அடி. உலோகத்தைத் தின்றுவிடும்.

ஷாப்ட் நேராக இல்லை என்று அர்த்தம். நேர்பிடித்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வேகத்தை ஐந்துக்குக் குறைத்தேன்.

நாள் 3. 09:30

இறக்கைகளின் ஓரம் அம்மை போட்ட மாதிரி குழிகுழியாக இருக்கிறது. மூன்று இறக்கையிலும்.

இப்போது பழைய கதையை எழுதியாக வேண்டும். பதினாலு மாதத்துக்கு முன் சங்கரா என்ற படகு நடுக்கடலில் புரொப்பெல்லரைத் தொலைத்தது. விசாரணையில் இசக்கிமுத்துவிடம் கேட்டார்கள். "கடைசியாக் கைவச்சது குணாக்காதான்" என்றார். அது பொய் இல்லை. நட்டு கழலாதபடி பூட்டு ஊசி மாட்டினேனா என்று எனக்கே நினைவில்லை. ஆனால் ஒரு மனிதர் அதை இப்படித் தலையை ஆட்டிக்கொண்டு, வருத்தப்படுகிற முகத்தோடு சொல்ல வேண்டுமா? முதல் நிலையில் இருந்த நான் இரண்டாம் நிலை ஆனேன். அவர் அன்று சாயங்காலம் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். நான் தொடவில்லை.

இன்றைக்குப் படகைத் தாமதம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கப்ளிங்கைத் திறந்து பார் என்பார்கள். திறந்தால் கடைசியாகக் கைவைத்தது மறுபடியும் நான். அதற்குத்தான் இந்த வலை. நான் விழ மாட்டேன்.

எனவே இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, இருப்பிட அறிக்கையில் திட்டப்படி எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தையே அனுப்பினேன். பத்து நாள் தாங்கும் பெட்டி, நான் ஒன்பதாம் நாள் போனாலும் யாருக்கும் ஒன்றும் குறையாது. இரண்டு, வடகரைத் துறைக்குப் படங்களோடு எழுத்தில் ஒரு புகார் போட்டேன். இசக்கிமுத்து கப்ளிங்கைத் தளர்வாக விட்டு, ஷாப்ட்டைக் கோணலாக மாட்டினார் என்று.

அனுப்பிய பிறகு நன்றாகச் சாப்பிட்டேன். மூன்று நாளில் இன்றுதான் பசித்தது.

நாள் 4. 08:20

இரண்டு பதிவுகள். முதலாவது துறைக் கட்டுப்பாட்டிலிருந்து, ஹபீபா.

"குணவதி மேடம், உங்க புகார் வந்துச்சு. விதிப்படி அவருக்கும் ஒரு காப்பி அனுப்பிட்டோம். அஞ்சு நாளுக்குள்ள அவர் பதில் தரணும். தரலைன்னா புகாரை ஏத்துக்கிட்டதா ஆயிடும். நீங்க கவலைப்படாம ஓட்டுங்க."

இரண்டாவது இசக்கிமுத்து.

"யக்கா, முந்தாநாள் நீங்க பேசி அனுப்புனதைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். உங்க பேச்சுக்குப் பின்னால என்னமோ சத்தம் கேக்கு. சோளம் பொரியுத மாதிரி. எனக்கு மனசே சரியில்ல. எஞ்சினை நிறுத்திட்டு கப்ளிங்கை அவுத்து இடைவெளியைப் பாருங்க. அரை நாள் போனாலும் போகட்டும், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

மூன்று முறை கேட்டேன். உறைந்து சாகப் போகிற ஒருவன், எனக்கு அவசரம் இல்லை, படகை நிறுத்து என்கிறான். இதை யாராவது நம்புவார்களா? தவிர, ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து, என் பேச்சின் பின்னால் கேட்கிற ஒரு சத்தத்தை வைத்து நேராகக் கப்ளிங் என்று விரல் வைக்கிறான். செய்தவனுக்குத்தான் இடம் தெரியும்.

கப்ளிங்கை நான் அவிழ்த்துவிட்டால் ஆதாரம் கலைந்துவிடும். அதுதான் அவனுக்கு வேண்டும். பதில் அனுப்பினேன்: "நீங்கள் கேட்டது அறை விசிறிச் சத்தம். படகு திட்டப்படி வருகிறது. ஆறாம் நாள் பதினொன்றுக்கு வந்துவிடுவேன்."

சத்தம் கேட்காதபடி எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் பேசினேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 4. 16:00

குழிகள் பெரிதாகிவிட்டன. ஒரு இறக்கையின் நுனி எலி கடித்தது போல் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டரிலும் சத்தம் நிற்கவில்லை. படகு முழுவதும் ஒரு நடுக்கம், தம்ளரில் தண்ணீர் ஆடுகிறது.

அவன் மேல் எனக்கு இருப்பது சந்தேகம் இல்லை, இப்போது அது நிச்சயம்.

நாள் 5. 08:10

தென்முனையிலிருந்து பதிவு. முழுவதையும் அப்படியே எழுதுகிறேன்.

"குணாக்கா, நல்லதாப் போச்சு, விசிறிச் சத்தம்தானா. நான் ஒருத்தன், எதைக் கேட்டாலும் கப்ளிங்குன்னே நினைக்கிற ஆளு. நான் கட்டிவச்ச செவப்பு நூலை அவுத்துட்டுத்தானே அளவு பாத்திய? எங்க ஊர்ப் பட்டறையில அதான் வழக்கம். தரையில நிக்கும்போது பிடிச்ச நேர், மிதக்கும்போது மாறிப் போயிரும். இந்தக் குளிருக்குப் படகு உடம்பு சுருங்கி இன்னும் மாறும். அதனால போல்ட்டைக் கையால மட்டும் சுத்தி, நூல் கட்டி விட்டுருவோம். ஒரு நாள் மிதக்கவிட்டு, இடைவெளி பாத்து சரி பண்ணி, அப்புறம்தான் இறுக்குறது. படகை ஒப்படைக்கும்போது குடுத்த கைமாத்துச் சீட்டுல ரெண்டாம் பக்கம் எழுதியிருந்தேன். பாத்திருப்பிய.

"படகு ஏத்துற தண்டவாளத்துக்கு நேத்து ராத்திரியே சூடு போட ஆரம்பிச்சுட்டேன். இங்க பெட்டி பலவீனமா இருக்குல்லா, சூடேற ஒன்றரை நாள் ஆகும். குளிர்ந்த தண்டவாளத்துல ஏத்துனா படகு அடி வெடிச்சிரும், அப்புறம் வெப்பப் பெட்டியை இறக்க முடியாது. பெட்டியில வார சூடு, ஒண்ணு நான் இருக்க குடிசைக்குக் காணும், இல்லன்னா தண்டவாளத்துக்குக் காணும். ரெண்டுக்கும் சேத்து சேமிப்பு வெப்பத்துல ரெண்டு நாளு ஓட்டிரலாம். நீங்கதான் நாளைக்கு வந்துருவியளே.

"துறையில இருந்து என்னமோ கடுதாசி வந்திருக்கு. உங்க பேரு போட்டிருக்கு. நீங்க வந்தப்புறம் சேந்து படிச்சிக்கிடலாம்னு பிரிக்கல. ரேடியோவுக்குப் போற கரெண்டையும் எடுத்துத் தண்டவாளத்துல போடுதேன். இனி பேச்சு என்னத்துக்கு, நேர்லயே பேசிக்கிடலாம். சோறு உங்களுக்கும் சேத்து வைக்கேன்."

நாள் 5. 08:40

கைமாற்றுச் சீட்டை எடுத்தேன். முதல் பக்கம் மட்டும் பிரிந்திருந்தது. இவன் எழுதுவதில் என்ன உண்மை இருக்கப் போகிறது என்று நான் திருப்பவே இல்லை.

இரண்டாம் பக்கம், மூன்றாம் வரி. "நூல் கட்டிய போல்ட்டுகளை மிதந்து ஒரு நாள் ஆகும் வரை இறுக்க வேண்டாம்."

எஞ்சினை நிறுத்திவிட்டேன்.

நாள் 5. 17:30

கப்ளிங்கை அவிழ்த்தேன். போல்ட் கழன்றதும் இரண்டு தகடும் வாய் பிளந்த மாதிரி விலகின. மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகிப் பார்த்தேன். மேலே இடைவெளி ஒன்றேகால் மில்லிமீட்டர், கீழே ஒன்றுமே இல்லை. அந்தக் கோணலை நான் எட்டு போல்ட்டால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். ஷாப்ட் ஐந்து நாளாக வளைந்தே சுற்றியிருக்கிறது.

எஞ்சின் அடியில் தகடு வைத்து உயர்த்தினேன், பார்த்தேன், மறுபடி உயர்த்தினேன். ஒன்பது மணி நேரம். இப்போது நான்கு பக்கமும் இடைவெளி ஒன்றுபோல இருக்கிறது. மறுபடி இறுக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. வேலை இவ்வளவுதான். இரண்டாம் நாள் காலையில் அவர் கேட்டபோதே செய்திருந்தால் இறக்கையில் ஒரு கீறல் இருந்திருக்காது.

தின்றது தின்றதுதான். இந்த இறக்கைகளை வைத்துக்கொண்டு மணிக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் போக முடியவில்லை. இன்னும் நானூறு கிலோமீட்டர் இருக்கிறது. நூறு மணி நேரம். ஒன்பதாம் நாள் இரவு ஆகும்.

அவருடைய சேமிப்பு வெப்பம் ஏழாம் நாள் விடிவதற்குள் தீரும்.

நாள் 5. 20:05

தென்முனைக்கு அனுப்பியது: "இசக்கிமுத்து, தண்டவாளச் சூட்டை நிறுத்துங்கள். நான் சொன்ன இடத்தில் நான் இல்லை. மூன்று நாளாகப் பொய் அறிக்கை அனுப்பினேன். ஒன்பதாம் நாள்தான் வருவேன். சேமிப்பை மிச்சம் பிடியுங்கள். எட்டாம் நாள் சூடு போட்டால் போதும்."

செய்தி போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை வரவில்லை. எதிர்முனைக் கருவி அணைந்திருக்கிறது என்று வந்தது.

துறைக்கு ஒன்றும் அனுப்பவில்லை. அங்கே அனுப்பி என்ன, அவர்களாலும் அவரிடம் பேச முடியாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நாள் 6. 11:00

நான் வந்திருக்க வேண்டிய நேரம். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். படகு வரவில்லை என்றதும் சந்தேகப்படுவார், ரேடியோவைப் போடுவார். யாராக இருந்தாலும் போடுவார்கள்.

நான் போடுவேன்.

நாள் 6. 20:05

அனுப்பினேன். எதிர்முனைக் கருவி அணைந்திருக்கிறது.

நாள் 7. 08:05

அனுப்பினேன். அணைந்திருக்கிறது.

சேமிப்பு தீர்ந்திருக்கும். இனி அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், குடிசை அல்லது தண்டவாளம். தம்பி, குடிசைக்குப் போடு. தண்டவாளம் கிடக்கட்டும். படகு அடி வெடித்தால் வெடிக்கட்டும், பெட்டியை நான் தோளில் சுமந்து வருகிறேன். இங்கே எடை ஏழில் ஒரு பங்குதானே. அதுவும் தொண்ணூறு கிலோ இருக்கும், இருக்கட்டும். இதைப் பேசிப் பதிவு செய்து அனுப்பியும் விட்டேன். அணைந்த கருவிக்குத்தான்.

நாள் 8

வேகத்தை ஐந்தாக்கினேன். சத்தம் வந்தது. நான்காக்கினேன். மறுபடி ஐந்து. மறுபடி நான்கு.

சந்தேகப்படு என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். குணாக்கா சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருவாளா, அவள் எப்படிப்பட்டவள், சங்கரா படகில் என்ன செய்தாள் என்று ஒரே ஒரு முறை யோசித்துப் பாரு. ஒரே ஒரு முறை.

நாள் 9. 19:10

தென்முனை வெப்பக் கேமராவில் தெரிகிறது. இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.

சூடானது எல்லாம் வெள்ளையாகத் தெரியும், குளிர்ந்தது கருப்பாக. கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு வெள்ளைக் கோடுகள் இறங்குகின்றன. அவ்வளவு நேராக இருக்கின்றன. தண்டவாளம்.

குடிசை எங்கே என்று தேடினேன். கேமரா கெட்டுவிட்டதோ என்று துடைத்தேன். குடிசை அங்கேதான் இருக்கிறது. சுற்றியுள்ள பனிக்கட்டி என்ன நிறமோ அதே நிறத்தில் இருக்கிறது.

நாள் 9. 20:05

துறையிலிருந்து, ஹபீபா.

"குணவதி மேடம், ஒரு நல்ல சேதி. இசக்கிமுத்து தரப்புல இருந்து அஞ்சு நாளா பதிலே வரலை. அதனால தப்பு அவருதுன்னு முடிவாயிடுச்சு. உங்களைத் திரும்ப முதல் நிலைக்கு எடுக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. அறிக்கையெல்லாம் திட்டப்படி வந்துட்டே இருந்துச்சு, ஆறாம் நாளோட நின்னு போச்சு. சேந்துட்டீங்கன்னுதான் நினைக்கிறோம். அவரைப் பாத்தீங்கன்னா முடிவைச் சொல்லிடுங்க."

பதில் அனுப்பினேன்: "பதில் வரவில்லை என்று எழுதாதீர்கள். தண்டவாளம் சூடாக இருக்கிறது. இத்துடன் என் சொந்தக் குறிப்பு முழுவதும் வருகிறது. முதல் நாளிலிருந்து படியுங்கள். நான் எந்த வரியையும் திருத்தவில்லை."

நாள் 9. 21:40

படகு ஏறிவிட்டது. தண்டவாளம் மெதுவாக வாங்கிக்கொண்டது, அடியில் ஒரு கீறல் விழவில்லை.

குடிசையின் கதவு இருபது அடி தூரத்தில் இருக்கிறது. வெளிப் பலகையில் உள்வெப்பம் மைனஸ் 160 என்று காட்டுகிறது. ஜன்னலில் வெளிச்சம் இல்லை.

வெளியே போகிற கூடுசட்டையை மாட்டிக்கொண்டேன். கதவைத் தட்ட வேண்டும். பெட்டியை முதலில் இறக்குவதா, கதவைத் தட்டுவதா? பெட்டியை முதலில் இறக்கினால் அவர் உள்ளே உயிரோடு இருக்கிறார் என்று ஆகும். கதவைத் தட்டிப் பதில் வராவிட்டால், பெட்டி எதற்கு, யாருக்கு என்று

21:55. இன்னும் படகில்தான் இருக்கிறேன்.